அகராதி அலமாரியில், அர்த்தம் அண்ணாச்சி கடையில்

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஓர் ஆங்கில அகராதி உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. தமிழ் அகராதி இருக்கிற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டால், “தமிழ்தானே, தெரியாதா என்ன?” என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நந்தனம் புத்தகக் காட்சியில் கரிசல் காட்டு நாவல் ஒன்றை வாங்கிவந்து, நாற்பதாம் பக்கத்தில் மூச்சு வாங்கி உட்காரும் வரைக்கும். மயிலாப்பூர்த் தமிழ் கச்சேரி ரோடு தாண்டினாலே பாதி செல்லாது; கோவில்பட்டிக்கு எங்கே போகும்? அந்தப் புத்தகம் ஆறு மாதம் பரணில் கிடந்தது. அதைக் கீழே இறக்கிய பிறகு கற்றுக்கொண்டவைதான் இந்தக் குறிப்புகள்.

1. முதல் ஐம்பது பக்கத்துக்கு அகராதியைத் தொடாதீர்கள். புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போனால் முதல் நாளே நோட்டும் பேனாவுமாக ஒவ்வொருவர் பேரையும் கேட்டு எழுதிக்கொள்வோமா? நாலு தடவை போய்வந்தால் தானே படிந்துவிடும். தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. அதே சொல் மறுபடி வந்தால் இன்னொரு புள்ளி. மூன்றாம் முறையும் வந்து, இன்னும் பிடிபடவில்லை என்றால்தான் தேட வேண்டும். பாதிச் சொற்கள் இரண்டாவது புள்ளியிலேயே வாயைத் திறந்துவிடும். ஒரே ஒரு தடவை வந்துபோகிற சொல்லைத் தேடிப் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

2. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அத்தியாயத்துக்கு ஒரு தாள். பின்பக்கம் எழுத வசதி. தாளுக்கு ஐந்து சொல், அதற்கு மேல் கிடையாது. ஆறாவது சொல் வந்தால் ஐந்தில் ஒன்றை அடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கண்டிப்பாக இருங்கள், இல்லாவிட்டால் நாவல் படிக்கிற வேலை போய் நோட்டு எழுதுகிற வேலை வந்துவிடும். அந்தத் தாளே பக்க அடையாளமாகவும் இருக்கும். நூலகப் புத்தகமென்றால் பென்சில் புள்ளியும் வேண்டாம், தாளிலேயே பக்க எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பசையோடு வருகிற மஞ்சள் சீட்டுகளைப் பழைய புத்தகத்தில் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது அச்சோடு வரும்.

3. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: சொல்லைத் தேடும் முன்னால், அது யார் வாய்ச் சொல் என்று தேடுங்கள். பின்னட்டையில் எழுத்தாளரின் ஊர் இருக்கும், முன்னுரையில் கதை நடக்கிற ஊர் இருக்கும். இரண்டையும் முதல் பக்கத்தில் குறித்துவைத்துக்கொண்டு ஒரு தடவை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். விருத்தாசலம் பக்கத்துக் கதை ஒன்றில் ஆளுக்கு ஆள் விடிந்தால் ‘கொல்லைக்கு’ப் போனார்கள். எங்கள் வீட்டில் கொல்லை என்றால் பின்கட்டு. கிணறும் துவைக்கிற கல்லும் இருக்கிற இடம். பெரியவர்கள் ‘கொல்லைக்குப் போறது’ என்றால் அதற்கு அர்த்தமே வேறு. சரி, காலைக் காரியம்தான் என்று நானும் படித்துக்கொண்டே போனேன். கொல்லைக்குப் போனவள் சாயங்காலம் வரை திரும்பவில்லை. அடுத்த பக்கத்தில் அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு இன்னொருத்தி போகிறாள். அதற்கடுத்த பக்கத்தில் கொல்லையை அடமானம் வைக்கிறார்கள்! அப்போதுதான் உறைத்தது. கடலூர், விழுப்புரம் பக்கம் கொல்லை என்றால் புன்செய்க் காடு. முந்திரிக் கொல்லை, கம்பங்கொல்லை. நாற்பது பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வேறு கதையாக இருந்தது.

தெரியாத சொல் தொந்தரவு இல்லை, அது தெரியாது என்பதாவது தெரியும். தெரிந்ததுபோல் முகம் காட்டுகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

4. எந்த மண்ணோ அந்த மண்ணின் அகராதி. இது நம்மில் பலருக்குத் தெரியாத பொக்கிஷம். எழுத்தாளர்களே உட்கார்ந்து தங்கள் ஊர்ச் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கி. ராஜநாராயணன் 1982-இல் ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’யைக் கொண்டுவந்தார். ஒரு கதைக்காரர், பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை தன் ஊரான இடைசெவல் மண்ணில் உட்கார்ந்து செய்தார். பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற நாவல், கழுகுமலை, சிவகாசிக் கலவரக் காலத்துக் கதை; அதைப் படிப்பவர் கி.ரா.வின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000-இல் வந்தது. கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ 2007-இல். கொல்லை விஷயத்தில் நான் முதலில் புரட்டியிருக்க வேண்டியது இந்தக் கடைசிப் புத்தகம்.

இன்று எழுதுகிற, பேசுகிற பொதுத் தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் விரிந்தது, 2020-இல் மூன்றாம் முறை. வீட்டில் ஒரே ஒரு தமிழ் அகராதிதான் வாங்குவேன் என்பவர்கள் இதை வாங்குங்கள். சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவார்கள். பழைய சொல்லென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள், பின்னால் ஓர் இணைப்பு. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். நெடுங்காலம் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தருவதால் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கும் சௌகரியம். விலைக்கு வாங்க வேண்டாம், வீட்டில் வைக்க இடமும் வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தாளைப் புரட்டித்தான் பார்ப்பேன் என்றால் அடையாறிலிருந்து கூப்பிடு தூரத்தில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குளிர்சாதனம் வேறு. மே மாதத்தில் நான் அகராதி பார்க்கப் போகிறேனா ஏ.சி.க்குப் போகிறேனா என்று வீட்டில் ஒரு சந்தேகம் உண்டு.

5. அகராதியில் இல்லையா? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவலாசிரியர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அகராதி எழுத்துத் தமிழில் வைத்திருக்கும். இடையில் சில மாற்றங்கள்தான்.

எ என்று தொடங்கினால் இ போட்டுப் பாருங்கள்: கெணறு கிணறு, வெளக்கு விளக்கு.
ஒ என்றால் உ: ஒலக்கை உலக்கை, கொடம் குடம், தொறை துறை.
த்து வந்தால் ற்று: நாத்து நாற்று, காத்து காற்று.
ஞ்ச வந்தால் ய்ந்த: காஞ்ச காய்ந்த, தேஞ்ச தேய்ந்த.
ள இருக்கிற இடத்தில் ழ: பொளுது பொழுது.

இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தின் உள்ளட்டையில் செருகிவைத்தேன். தேட வேண்டிய சொற்களில் கணிசமான பங்கு அங்கேயே தீர்ந்தது. வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு நாள் ‘புரியாத சொல்’ என்று நான் ஒதுக்கியது, நான் தினமும் பேசுகிற சொல்லையேதான்.

6. உறவுமுறைச் சொல்லுக்கு மட்டும் முதல் குறிப்பு செல்லாது. முதல் தடவை வரும்போதே தெரிந்துகொண்டாக வேண்டும். தப்பாகப் புரிந்தால் கதையே கோணிப்போகும். ‘அப்பச்சி’ என்றால் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் அப்பா, கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பா. ‘ஐயா’ ஒரு வீட்டில் அப்பா, இன்னொரு வீட்டில் தாத்தா. ‘ஆயா’ நகரத்தார் வீட்டில் அம்மாவின் அம்மா. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யார் என்று உங்களுக்கே தெரியும். ‘மதினி’ நம்முடைய அண்ணி. கடலோர ஊர் முஸ்லிம் குடும்பங்களில் ‘காக்கா’ என்றால் அண்ணன். காக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார் என்று படித்துவிட்டுத் திகைக்காதீர்கள்.

யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மரம் வரைந்துகொள்ளுங்கள். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ மாதிரி, ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற நாவலுக்கு இந்த மரம் இல்லாமல் முடியாது. 1968-இல் வந்த அந்த நாவலின் இரணியல் தமிழை அகராதி இல்லாமலேகூடக் கடந்துவிடலாம், மரம் இல்லாமல் கடக்க முடியாது என்பது என் அனுபவம்.

7. அண்ணாச்சியைக் கேளுங்கள். சென்னையில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான். எல்லா மாவட்டமும் நம் தெருவிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் நாங்குநேரி இருக்கும், இஸ்திரி வண்டியில் திருவண்ணாமலை இருக்கும், தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிற பெண்ணுக்குச் சாத்தான்குளமோ திசையன்விளையோ இருக்கும். (புடவை வாங்கிய பிறகு கேளுங்கள். வாங்காமல் கேட்டால் மரியாதை இல்லை.)

‘சொளவு’ என்று ஒரு சொல் என்னை மூன்று புள்ளி வைக்க வைத்தது. உளுந்து வாங்கப் போனபோது கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“சொளவா? இதெல்லாம் ஒங்களுக்கு யாரு மாமி சொன்னா?” என்று சிரித்தார். தராசை விட்டுவிட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ பிடித்திருப்பதுபோல் மேலும் கீழுமாக ஆட்டினார். கட்டைவிரல் இரண்டும் மேலே, மற்ற விரல்கள் அடியில். நாலு ஆட்டு, ஒரு தட்டு, உதட்டைக் குவித்து ஒரு ஊது. “புடைக்கது. நீங்க மொறம்னு சொல்லுவீயள்லா, அதான். எங்கம்மை ஓலைச் சொளவு வச்சிருந்தா.”

வீட்டுக்கு வந்து ஒ-வுக்கு உ போட்டுப் பேரகராதியில் தேடினால் ‘சுளகு’ இருந்தது, முறம் என்ற பொருளோடு. ஆனால் அந்த ஊது அகராதியில் இல்லை. அப்புறம் அந்த நாவலில் எந்தப் பெண் சுளகை எடுத்தாலும் எனக்கு அண்ணாச்சியின் கைதான் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. கேட்கும்போது சொல்லை மட்டும் கேட்காதீர்கள், வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். சில சொற்கள் தனியாகச் சொன்னால் வசவு, சாதிப் பெயர், வேறு ஏதாவது விவகாரம். கடை நிறைய ஆள் இருக்கும்போது நான் ஒரு சொல்லைக் கேட்டதும், பக்கத்தில் நின்ற பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது என்ன சொல் என்று இங்கே எழுத முடியாது.

8. கடல் நாவலுக்குக் கடற்கரைக்குப் போங்கள். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) படிக்கும்போது காற்றும் நீரோட்டமும் வலையும் எனக்கு ஒரே குழப்பம். மீன் வாசனைக்கே மூக்கைப் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்துக்குப் போய் நின்றேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் ‘கச்சான்’ என்றால் என்ன என்று கேட்டதும் அவர் திருப்பிக் கேட்டார்: “அது எந்த ஊரு ஆளும்மா எழுத்னது? நம்ப கரைல ஒண்ணு சொல்வாங்கோ, தெக்க ஒண்ணு சொல்வாங்கோ.” நான் மூன்றாம் குறிப்பில் அரைப் பக்கம் எழுதியதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று. திக்கு கரைக்குக் கரை கொஞ்சம் நகரும். அதே கச்சான் ஈழத்து நாவலில் வந்தால் பெரும்பாலும் கொறிக்கிற வேர்க்கடலை. ஈழத்து எழுத்துக்குத் தனியாக ஒரு காலண்டர் தாள் போடுங்கள்: கதைப்பது பேசுவது, கெதியா சீக்கிரம், வடிவு அழகு, கதிரை நாற்காலி, குசினி சமையலறை. கடைசி இரண்டும் போர்த்துகீசியர் விட்டுப் போனவை. சிரிக்க வேண்டாம், நம் வீட்டு ஜன்னலும் சாவியும் அலமாரியும்கூட அவர்கள் கொடுத்தவைதான்.

9. ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் என்று பட்டியல் போட்டால் சொல் மறக்காது. சமையலறை என்று நான் பள்ளிக்கூடத்தில் எழுதியது எங்கள் பாட்டிக்குச் சமையலுள், தஞ்சாவூர்ப் பக்கம் அடுப்பங்கரை, தெற்கே அடுக்களை, யாழ்ப்பாணத்தில் குசினி. நெல் கொட்டிவைப்பது குதிர், குலுக்கை, பத்தாயம். ஆனால் மூன்றும் ஒரே உருவமல்ல. பத்தாயம் மரம், மற்றவை மண். உருவம் தெரிய வேண்டுமானால் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய்வாருங்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். ‘வளவு’ என்று நாவலில் வருகிற வீட்டு முற்றத்தில் நாமே போய் நிற்கலாம். ஜெயமோகனின் கோவில் நாவல் ‘விஷ்ணுபுரம்’ படிப்பவர்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கபாலி கோவிலுக்குப் போகும்போது சாமியைப் பார்த்துவிட்டுச் சுவரையும் பாருங்கள். வளைந்து தொங்குகிற கல் விளிம்புதான் கொடுங்கை, சாமி நிற்கிற மாடம்தான் கோஷ்டம், அடியில் கட்டடத்தைத் தாங்குவது அதிட்டானம்.

10. அகராதியில் எழுத்து வரிசை மறந்துபோயிற்றா? யாருக்கும் சொல்ல மாட்டேன். ய ர ல வ ழ ள ற ன. ‘கறி’ கள்ளுக்குப் பின்னால்தான் வரும், ‘கனி’ அதற்கும் பின்னால். ஜ, ஸ, ஹ எங்கே என்பது அகராதிக்கு அகராதி மாறும், முன்பக்கக் குறிப்பைப் பாருங்கள். வினைச்சொல்லைப் பேரகராதியில் ‘-தல்’, ‘-த்தல்’ என்று தேட வேண்டும், க்ரியாவில் வேர்ச்சொல்லாக. தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும் முழு அகர வரிசை அகராதி, வீரமாமுனிவர் 1732-இல் ‘சதுரகராதி’யில் செய்துகொடுத்த சௌகரியம். அதற்கு முன் நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு வரிசைகூட நினைவில்லை.

11. போனில் கேட்டால் உடனே பதில் வரும். வந்த பதில் நாவலோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். குமரி மாவட்டத்துக் கதையில் ஒருவன் வெயிலில் வந்து ‘வெள்ளம்’ கேட்கிறான் என்று வையுங்கள். அவன் கேட்டது ஒரு செம்புத் தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த நமக்கு அந்தச் சொல் வேறு. போனுக்கும் நம்மைப் போல ஓர் அர்த்தம்தான் முதலில் தோன்றுகிறது.

12. தனித்தமிழ் நாவலுக்கு வேறு கத்தி. ஜெயமோகனின் ‘கொற்றவை’ (2005) வடசொல்லை ஒதுக்கி எழுதப்பட்டது. இங்கே வட்டார அகராதி உதவாது, சொல்லைப் பிரிக்கத் தெரிய வேண்டும். அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். வெந்நீர் என்பது வெம்மை + நீர். சேரும்போது ‘மை’ கழன்றுவிடும். இது தெரிந்தால் வெங்கதிர், வெஞ்சினம், வெம்மணல் மூன்றும் இலவசம். தண்ணீர் என்பது தண்மை + நீர், குளிர்ந்த நீர். இனி தண்ணிழல், தண்புனல் எல்லாம் தானே திறக்கும். (அப்படியானால் வீட்டில் ‘சுடுதண்ணி’ என்கிறோமே, அது என்ன? குடித்துவிட்டு யோசிக்கலாம்.) கருமை, செம்மை, பெருமை, நெடுமை என்று நாலைந்து ‘மை’ தெரிந்துவைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

13. நோட்டுப் போடுகிறவர்கள் அகர வரிசையில் போடாதீர்கள். வீட்டுக் கணக்கு மாதிரித் தலைப்பு போடுங்கள்: உறவு, நிலமும் நீரும், சாப்பாடு, தட்டுமுட்டுச் சாமான், வசவு. ‘நிலமும் நீரும்’ பக்கத்தில் கம்மாய்க்கு எதிரே ஏரி என்று இருக்கும். வசவுப் பக்கம்தான் முதலில் நிரம்பும். என்னுடையது இரண்டாம் நோட்டுக்குப் போய்விட்டது. அதைப் பேத்தி கையில் படாமல் வைக்கிறேன்.

14. கூட்டாகப் படிப்பது நல்லது, ஆனால் ஒரே ஊர்க்காரர்களாகச் சேராதீர்கள். நாங்கள் நாலு பேர் ஞாயிறு காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூடினோம். நாலு பேரும் லஸ் முனையைச் சுற்றிப் பிறந்து வளர்ந்தவர்கள்; ஒருவருக்குத் தெரியாதது நாலு பேருக்கும் தெரியவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம். திருச்செங்கோட்டிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிய ஒரு அம்மா எதேச்சையாகப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கூட்டம் களைகட்டியது. அவர் நாவல் படித்ததே இல்லை. நாங்கள் படிக்கப் படிக்க, “அட, எங்கூர்ல சொல்ற மாதரயே இருக்குதுங்க!” என்று கதைக்குள்ளே இல்லாத கதையெல்லாம் சொன்னார்.

15. படித்து முடித்த நாவலை இரவல் கொடுக்கும்போது உள்ளே இருக்கிற காலண்டர் தாள்களை எடுத்துவிடாதீர்கள். என் கரிசல் நாவல் போன மாதம் மூன்று வீடு சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பங்குனித் தாள் ஒன்றின் பின்னால், ‘குலுக்கை: நெல் போடும் குதிர்’ என்று நான் எழுதியிருந்ததை யாரோ நீல மையில் அடித்திருந்தார்கள். பக்கத்தில்: ‘நெல்லு எங்கே இருந்தது எங்க ஊர்ல? கம்பும் சோளமும்தான்.’